கொழுந்து ஒன்று, கணக்கு இரண்டு: இந்திய – இலங்கைத் தேயிலை உற்பத்தி ஓர் ஒப்பீடு

சில வருடங்களுக்கு முன் வண்டிப்பெரியாற்றில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து டீ வந்த நேரத்தில் இரண்டு பெரியவர்களுக்குள் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிட்டது. ஒருவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர். மூணாறு பக்கம் எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர் பெண் வீட்டுக்காரர். 1970-களில் இலங்கை அட்டன் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, கவியில் ஏலத்தோட்ட வேலையில் சேர்ந்தவர்.

"என்ன இருந்தாலும் சிலோன் டீக்கு ஈடு உண்டா சம்பந்தி? உலகத்துக்கே டீ கொடுத்த நாடுங்க அது" என்றார் சிலோன்காரர்.

"அட போங்க சம்பந்தி! நம்ம இந்தியா வருசத்துக்கு நூத்தி முப்பது கோடி கிலோவுக்கு மேலே போடுது. உங்க சிலோன் முப்பது கோடிக்கே மூச்சு வாங்குது. இதிலே ஈடு எங்கேருந்து வந்துச்சு?" என்றார் மூணாறுக்காரர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு நடுவர் பதவி எனக்குக் கிடைத்தது. "ரெண்டு பேர் சொல்றதும் சரிதாங்க" என்றேன். இருவருக்குமே அது பிடிக்கவில்லை! ஆனால் நான் சமாளிப்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. இரண்டு நாடுகளின் தொழில் உற்பத்தியை ஒப்பிடும்போது, எந்த வருடத்திலிருந்து எண்ணுகிறோம், எந்த அளவுகோலால் அளக்கிறோம், எதை எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும். அதை நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான தேயிலையை வைத்தே இக்கட்டுரையில் பார்ப்போம்.

தேயிலை விவசாயமா, தொழிலா?

"தேயிலை செடியில்தானே வளர்கிறது, அதை எப்படித் தொழில் உற்பத்தி என்கிறீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செடியிலிருந்து கிள்ளும் கொழுந்து விவசாயப் பொருள். ஆனால் கொழுந்தை யாரும் அப்படியே கடையில் வாங்குவதில்லை. அது ஃபாக்டரிக்குப் போய், வாட்டப்பட்டு, அரைபட்டு, புளித்து, உலர்ந்து, சலித்துத் தரம் பிரிக்கப்பட்ட பிறகே தேயிலைத்தூள் ஆகிறது. ஏறத்தாழ 100 கிலோ பச்சைக் கொழுந்து போனால் 22 அல்லது 23 கிலோ தூள் வெளியே வரும். அரசாங்கப் புள்ளிவிவரங்கள் 'தேயிலை உற்பத்தி' என்று சொல்வது இந்தத் தூளின் எடையைத்தான். இந்தியாவில் தேயிலை வருமானத்தை 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் தொழில் என்று பிரித்து வரி போடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. ஆக, தேயிலை பாதி வயல், பாதி ஆலை.

ஒரே ஊரிலிருந்து இரண்டு மலைகளுக்கு

கணக்குக்குள் போகுமுன் கொஞ்சம் வரலாறு. அஸ்ஸாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலம் போனது 1839-இல். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867-இல். அதற்குச் சற்றுப் பின்னே காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்துவிட, இலங்கை மலைகள் முழுக்கத் தேயிலைக்கு மாறின. நம் பக்கத்தில் ஜான் டேனியல் மன்றோ 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1880-இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் முதல் தேயிலையை நட்டார். பீருமேட்டிலும், பாலக்காட்டு நெல்லியாம்பதியிலும் தோட்டங்கள் எழுந்தன.

நட்டவர் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. காட்டை வெட்டி, குழி தோண்டி, கொழுந்து எடுத்தவர்கள் நம்மவர்கள். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்தவர்கள் சிலோன்காரர்கள் ஆனார்கள். போடி, குரங்கணி வழியாக மலையேறியவர்கள் மூணாறுக்காரர்கள் ஆனார்கள். ஒரே ஊரில் அண்ணன் கண்டிச்சீமைக்கும் தம்பி மூணாற்றுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ! ஆகவே நாம் ஒப்பிடப்போகும் இரண்டு நாட்டு எண்களுக்குள்ளும் நம் சொந்தக்காரர்களின் கைகள் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

எண்கள் சொல்வது என்ன?

கீழே உள்ள அளவுகள் கோடிக் கிலோவில், சற்று முழுமைப்படுத்தித் தரப்பட்டவை.

1950 – இந்தியா 28, இலங்கை 14
1965 – இந்தியா 37, இலங்கை 23
1983 – இந்தியா 58, இலங்கை 18
2000 – இந்தியா 85, இலங்கை 31
2013 – இந்தியா 120, இலங்கை 34
2023 – இந்தியா 139, இலங்கை 26

முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பார்த்தால் மூணாறுக்காரர் கட்சி ஜெயித்துவிட்டது. 1950-இல் இந்தியா இலங்கையைப் போல இரண்டு மடங்கு. 2023-இல் ஐந்து மடங்குக்கும் மேல். இந்தியாவின் உற்பத்தி இக்காலத்தில் ஐந்து மடங்காகப் பெருகியது. இலங்கையின் உற்பத்தி இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. விஷயம் இவ்வளவுதானா? நடுவில் உள்ள வரிகளையும் பார்ப்போம்.

எந்த வருடத்திலிருந்து எண்ணுவது?

பொருளாதாரத்தில் 'அடிப்படை ஆண்டு' என்று ஒன்று உண்டு. ஒரு வருடத்தின் உற்பத்தியை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற வருடங்களை அதோடு ஒப்பிடுவார்கள். இதற்குப் பெயர் குறியீட்டெண். இரண்டு நாடுகளின் அளவு வேறு வேறாக இருந்தாலும், இரண்டையும் 100-இல் தொடங்கவைத்தால் யார் வேகமாக வளர்ந்தார்கள் என்று பார்க்கலாம். நல்ல முறைதான், ஆனால் அந்த 100-ஐ எந்த வருடத்தில் வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

1950-ஐ 100 என்று வையுங்கள். 1965-இல் இந்தியா சுமார் 132. இலங்கையோ சுமார் 160. அதாவது சுதந்திரத்துக்குப் பிந்தைய அந்தப் பதினைந்து வருடங்களில் இலங்கையே வேகமாக ஓடியது. 1965-இல் அது உலகிலேயே அதிகமாகத் தேயிலை ஏற்றுமதி செய்யும் நாடாகவும் ஆனது. சிலோன்காரப் பெரியவர் மனதில் இருந்தது இந்த இலங்கைதான். அவர் இளைஞராக இருந்து கண்ணால் கண்டது அது.

இப்போது 1965-ஐ 100 ஆக்குங்கள். 1983-இல் இந்தியா சுமார் 157, இலங்கை 78. ஒன்று மேலே, ஒன்று கீழே.

இனி 1983-ஐ 100 ஆக்கிப் பாருங்கள். 2013-இல் இந்தியா ஏறத்தாழ 207. இலங்கை ஏறத்தாழ 190. இரண்டு நாடும் தோளோடு தோள் சேர்ந்து வளர்ந்ததுபோலத் தோன்றும்! இதை வைத்து "போர் நடந்த காலத்திலும் இலங்கை இந்தியாவுக்கு இணையாக வளர்ந்தது" என்று ஒருவர் கட்டுரை எழுதலாம். எண்ணில் பொய் இல்லை. ஆனால் 1983 இலங்கைக்கு மிக மோசமான வருடம். வறட்சியும் சேர்ந்து உற்பத்தி அடிமட்டத்துக்குப் போயிருந்த வருடம். பள்ளத்திலிருந்து அளந்தால் எந்தக் குன்றும் உயரமாகத்தான் தெரியும்.

கடைசியாக 2013-ஐ 100 ஆக்கினால், 2023-இல் இந்தியா 116, இலங்கை 76.

நான்கு காலத்துண்டுகள், நான்கு விதமான தீர்ப்புகள். ஆகவே யாராவது "அந்த நாடு இத்தனை மடங்கு வளர்ந்தது, இந்த நாடு வளரவில்லை" என்றால், முதலில் கேட்கவேண்டியது: "எந்த வருசத்திலேருந்து சார்?"

1965-க்கும் 1983-க்கும் இடையில் என்ன நடந்தது?

எண் இறங்கியது என்று சொன்னால் போதாது, ஏன் இறங்கியது என்றும் பார்க்கவேண்டும். இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்கப்பட்டு, 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள்.

இதே காலத்தில், 1972-லும் 1975-லும் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் இலங்கைத் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. பழைய செடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்வதற்குப் போதிய முதலீடு இல்லை. 1973, 1974-இல் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியது. 1977, 1981, 1983 என்று அடுத்தடுத்து வன்செயல்கள். தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பல் 1984-இல் நின்றுபோகும் வரை, தகரப்பெட்டியும் மூட்டையுமாக மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

கொழுந்து எடுப்பது, கவ்வாத்து வெட்டுவது எல்லாம் கைப்பழக்கத்தால் வரும் வேலை. பழகிய கைகள் லட்சக்கணக்கில் வெளியேறியதும், அரசுடைமைக்குப் பின் வந்த நிர்வாகக் குறைகளும், உலகச் சந்தையில் விலை தேங்கியதும் சேர்ந்தே அந்தச் சரிவை உண்டாக்கின. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 23 கோடி 18 கோடியாக இறங்கிய கோட்டுக்குள் ஒரு மக்கள் கூட்டத்தின் இடப்பெயர்ச்சி இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

அப்படி வந்தவர்களில் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். கேரளத்தில் புனலூரை மையமாகக் கொண்டு 1976-இல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் ஏற்பட்டது. தேயிலை பழகிய கை அங்கே ரப்பர் பால் வெட்டியது. வேறு சிலர் வனவளர்ச்சிக் கழகத்தின் கீழ் கவியில் ஏலக்காய் பறிக்கப் போனார்கள். நம் கல்யாண வீட்டுச் சிலோன்காரரும் அவர்களில் ஒருவர்.

போட்டது எவ்வளவு, குடித்தது எவ்வளவு?

அடுத்த கேள்வி, உற்பத்தியானது எங்கே போனது என்பது. 1950-ஐ ஒட்டிய வருடங்களில் இந்தியா போட்ட 28 கோடிக் கிலோவில் ஏறத்தாழ 20 கோடி வெளிநாட்டுக்குப் போயிற்று. 2023-இல் 139 கோடி போட்டும் வெளிநாடு போனது சுமார் 23 கோடிதான். இதைக் கவனியுங்கள்: எழுபத்து மூன்று வருடத்தில் உற்பத்தி 111 கோடி கூடியது, ஏற்றுமதி 3 கோடி மட்டுமே கூடியது. கூடுதலாகப் போட்ட அத்தனையையும் நாமே குடித்துத் தீர்த்தோம்!

இது தானாக நடந்ததன்று. 1930-களில் தேயிலை வியாபாரிகளின் அமைப்பு ஊர் ஊராகப் போய் இலவசமாக டீ போட்டுக் கொடுத்து, ஜனங்களுக்கு ருசி பழக்கியது. நீராகாரமும் கஞ்சியும் குடித்த வீடுகளில் டீச்சட்டி அடுப்பேறியது. அதே காலத்தில் அஸ்ஸாமில் 'சி.டி.சி.' என்ற இயந்திரம் வந்தது. அது இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கும். அந்தத் தூள் பாலோடு கொதிக்க வைத்தால் சட்டென்று நிறம் இறங்கும். ஒரு கிலோவுக்கு அதிகக் கோப்பை தேறும். ஏழை வீட்டுக்கும் டீக்கடைக்கும் ஏற்ற சரக்கு. இன்று இந்தியாவில் போடும் டீயில் மிகப் பெரும்பகுதி இந்த வகைதான்.

இலங்கையோ இலையை உருட்டிப் பதப்படுத்தும் பழைய 'ஆர்த்தடாக்ஸ்' முறையையே பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. சுமார் 2 கோடியே 20 லட்சம் மக்கள் உள்ள நாடு. அவர்கள் எவ்வளவுதான் குடித்துவிட முடியும்? போடுவதில் பத்தில் ஒன்பது பங்கு இராக், ரஷ்யா, துருக்கி, வளைகுடா என்று கப்பலேறுகிறது.

தலைக்கணக்குப் போட்டால் காட்சி இன்னும் மாறும். 2023 உற்பத்தியை ஜனத்தொகையால் வகுத்தால் இந்தியாவுக்கு ஆளுக்கு ஒரு கிலோகூட இல்லை. இலங்கைக்கு ஆளுக்குப் பதினொரு கிலோவுக்கு மேல். "உலகத்துக்கே டீ கொடுத்த நாடு" என்று சிலோன்காரர் சொன்னதில் அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது. இந்தியா தன் வீட்டுக்கு டீ போடுகிற நாடு. இலங்கை டீ விற்று அரிசி வாங்குகிற நாடு. இரண்டையும் ஒரே கிலோக்கணக்கில் நிறுத்தினால், வீட்டுச் சமையலையும் ஓட்டல் சமையலையும் பாத்திரத்தின் அளவை மட்டும் வைத்துப் போட்டியிட வைத்ததுபோல் ஆகிவிடும்.

கிலோவா, காசா?

2024-ஆம் ஆண்டு ஏற்றுமதியைப் பற்றி ஒரு செய்தி வந்தது. தேயிலை ஏற்றுமதியில் இந்தியா இலங்கையை முந்தியது என்று. இந்தியா சுமார் 25.5 கோடிக் கிலோ, இலங்கை சுமார் 24.5 கோடிக் கிலோ. மகிழ்ச்சிதான். ஆனால் அதே வருடம் இலங்கை அந்தச் சரக்குக்குப் பெற்றது 140 கோடி டாலருக்கும் மேல். இந்தியா பெற்றது ஏழாயிரம் கோடி ரூபாய்க்குச் சற்று அதிகம். டாலரில் சொன்னால் 85 கோடி அளவு. கிலோவுக்கு வகுத்துப் பார்த்தால் இலங்கைக்கு ஆறு டாலருக்குச் சற்றுக் குறைவு, இந்தியாவுக்கு மூன்றரை டாலருக்கும் கீழே.

எடையில் முந்தியவர் காசில் பிந்தினார். ஆகவே 'உற்பத்தி அதிகம்' என்று கேட்டால் "எடையிலா, மதிப்பிலா?" என்று கேட்பது இரண்டாவது கேள்வி.

இந்தியா என்றால் எந்த இந்தியா?

மூன்றாவது கேள்வி நம் வீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. 139 கோடிக் கிலோவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அஸ்ஸாம், மேற்கு வங்கம் ஆகிய வடக்குப் பகுதிகளுடையது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்த தென்னிந்தியாவின் பங்கு சுமார் 23 கோடிக் கிலோ. அதில் கேரளத்துக்கு ஏறத்தாழ 6 கோடி. பெரும்பகுதி இடுக்கி மாவட்டத்திலிருந்து.

இப்போது வேறு மாதிரி ஒப்பிட்டுப் பாருங்கள். தென்னிந்தியா 23 கோடி, இலங்கை 26 கோடி. ஏறத்தாழ சமம்! இரண்டிலும் வருடம் முழுக்கக் கொழுந்து உண்டு; அஸ்ஸாமில் குளிர்காலத்தில் வேலை நின்றுவிடும். இரண்டிலும் மலைச்சரிவு. இரண்டிலும் தமிழ்க் கைகள். ஆனால் தென்னிந்தியத் தேயிலைப் பரப்பு ஒரு லட்சம் ஹெக்டேர் அளவு, இலங்கையில் இரண்டு லட்சத்துக்கும் மேல். ஹெக்டேருக்கு என்று பார்த்தால் நாம் அவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எடுக்கிறோம். அதற்குக் காரணம் நம் மண் மட்டுமல்ல. கத்தரியும் இயந்திரமும் வைத்து முற்றிய இலையையும் சேர்த்து வெட்டுவது இங்கே பரவிவிட்டது. அங்கே இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கையால் கிள்ளுவது இன்னும் அதிகம். அவர்களுக்கு எடை குறைவு, விலை அதிகம். நமக்கு எடை அதிகம், விலை குறைவு.

நாட்டு மொத்தம் உள்ளூர் நிலவரத்தை எப்படி மறைக்கும் என்பதற்கு இன்னொரு உதாரணம். சோவியத் ஒன்றியம் 1991-இல் உடைந்ததும் இந்தியத் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டங்கண்டது. 1998 டிசம்பரில் இந்திய – இலங்கைத் தாராள வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வருடத்துக்கு ஒன்றரைக் கோடிக் கிலோ இலங்கைத் தேயிலை சலுகை வரியில் வரலாம் என்றார்கள். இலங்கை அந்த ஒதுக்கீட்டை முழுதாகப் பயன்படுத்தவில்லை என்றாலும், விலை வீழ்ச்சியில் தவித்த நம் பக்கத்துக்கு அது வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த 2000-ஐ ஒட்டிய வருடங்களில்தான் பீருமேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலி இல்லை, கிராஜுவிட்டி இல்லை, லயத்துக் கூரை ஒழுகியது; பிள்ளைகள் கம்பம், திருப்பூர் என்று வேலை தேடி இறங்கினார்கள்.

அப்போது இந்தியாவின் தேயிலை உற்பத்திக் கோடு என்ன ஆயிற்று தெரியுமா? 85 கோடியில் நின்று, பிறகு ஏறிக்கொண்டே போயிற்று! வடக்கே சிறு விவசாயிகளின் தோட்டங்கள் பெருகின. நாட்டுக் கோடு ஏறும்போதே ஒரு தாலுகாவின் அடுப்பு அணைந்திருக்கலாம்.

இலங்கையிலும் இதே கதைதான். 1983-க்குப் பின் 34 கோடி வரை ஏறிய உற்பத்தியில் பெரும்பங்கு நுவரெலியா, அட்டன் மலைத் தோட்டங்களுடையதன்று. காலி, மாத்தறை, இரத்தினபுரி பக்கத்துத் தாழ்நிலச் சிறு தோட்டக்காரர்களுடையது. இன்று இலங்கைக் கொழுந்தில் நான்கில் மூன்று பங்கு அளவு சிறு தோட்டங்களிலிருந்தே வருகிறது. உற்பத்தி இரண்டு மடங்கானது என்று கேட்டு, "அப்போ நம்ம மலையகச் சனம் நல்லாயிருக்கும்" என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு.

ஒரு உத்தரவும் சில மாதமும்

சமீபத்திய சரிவையும் சொல்லிவிட வேண்டும். 2021-இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தடையை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் தேயிலைச் செடி நேற்று நிறுத்திய உரத்துக்கு இன்று பதில் சொல்வதில்லை. சில மாதம் கழித்துத்தான் சொல்லும். 2021-இல் ஏறத்தாழ 30 கோடிக் கிலோவாக இருந்த உற்பத்தி 2022-இல் 25 கோடியாக இறங்கியது. டாலர் இல்லாமல் நாடே தள்ளாடிய வருடமும் அதுவே. டாலர் கொண்டுவரும் செடிக்கே உரம் இல்லாமல் போனது. இந்தியாவில் உற்பத்தி 5 கோடி குறைந்தால் டீக்கடையில் விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒரே அளவு குறைவு, இரண்டு நாடுகளில் இரண்டு விதமான வலி.

கூலிப் பேச்சில் இந்த எண்கள்

"இதெல்லாம் பொருளாதாரம் படித்தவர்கள் பாடு, நமக்கு என்ன?" என்று கேட்கலாம். நமக்கு நிறைய இருக்கிறது. கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் பக்கத்து நாட்டு எண் மேசைக்கு வரும். "அங்கே ஒரு ஆள் இவ்வளவு கிலோ எடுக்கிறார், இங்கே இவ்வளவுதான்" என்று இங்கேயும் சொல்வார்கள், அங்கேயும் சொல்வார்கள். கையால் கிள்ளிய இளங்கொழுந்தையும் கத்தரியால் வெட்டிய இலையையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமா என்று கேட்க ஆள் வேண்டாமா? ஒருத்தி நாளெல்லாம் சரிவில் ஏறி இறங்கி எடுத்த 20 கிலோ பச்சைக் கொழுந்து, ஃபாக்டரியில் ஐந்து கிலோத் தூளைக்கூட எட்டாது. அந்தத் தூளின் விலை ஏலத்தில் என்ன, கப்பலில் என்ன, கடையில் என்ன என்று தெரிந்தால்தான் பேச முடியும்.

2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தபோது அவர்கள் நாட்கூலி 232 ரூபாய். 'பெண்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்கள். சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாங்களே பேசினார்கள். 20 சதவீதம் வாங்காமல் எழுந்திருக்கவில்லை. அதன் பின் கூலியும் 301 ரூபாய் ஆயிற்று. இலங்கையில் 1,000 ரூபாய் நாட்கூலிக்கு மலையக மக்கள் பல வருடம் குரல் கொடுத்து, 2021-இல்தான் அது சட்டப்படி வந்தது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்து, எழுபது பேர் பலியானார்கள். அந்த வருட உற்பத்திப் பட்டியலில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு

எல்லைப்புறத்துத் தமிழர்களான நமக்கு ஒப்பீடு பழகிப்போன விஷயம். 1956-இல் மாநிலங்கள் பிரிந்து தேவிகுளமும் பீருமேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்த நாளிலிருந்து, "அந்தப் பக்கம் எப்படி, இந்தப் பக்கம் எப்படி" என்றுதானே பேசி வருகிறோம்! கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையையும் கோயம்புத்தூரையும் ஒப்பிடுவார்கள். குமுளிப் பிள்ளைகள் இடுக்கியையும் தேனியையும் ஒப்பிடுவார்கள். ஒப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் எந்த வருடத்திலிருந்து, எடையா மதிப்பா, மொத்தமா தலைக்கா, நாடா நம் தாலுகாவா என்ற நான்கையும் கேட்டுவிட்டு ஒப்பிடட்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் வகுத்தலும் சதவீதமும் போதும். பெரிய படிப்பு வேண்டியதில்லை.

அந்தக் கல்யாண வீட்டில் நான் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது டீ ஆறிப்போயிருந்தது. மூணாறுக்காரர் யோசித்துவிட்டு, "அப்போ நாங்க போட்டதும் நிறையத்தான், அவங்க வித்ததும் நிறையத்தான். அப்படித்தானே?" என்றார். சிலோன்காரர் சிரித்தார். "அது சரி சம்பந்தி, ரெண்டு பக்கமும் எடுத்தது நம்ம கைதானே. நமக்கு எவ்வளவு வந்துச்சு, அதைக் கணக்குப் போடச் சொல்லுங்க இவரை" என்றார்.

அந்தக் கணக்கை நான் இன்னும் முழுதாகப் போடவில்லை. தேயிலைக்காட்டில் பிறந்து இன்று கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் யாராவது, தங்கள் பாட்டியிடமும் தாத்தாவிடமும் பழைய செக்ரோல் சீட்டுகளை வாங்கிவைத்து அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். கேட்டுச் சொல்லப் பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்வது நல்லது.